பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: டெல்டாக்காரர்கள் போடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியவை

விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. சரி, விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசஸரை ஒத்துக்கொள்வதில்லை. 2011 முதல் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த வாசலிலேயே நின்றுவிடும். தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை எந்தத் தெருவில் கேட்டாலும் அப்படி ஒன்று பீரோ மேல் துணி சுற்றிக் கிடக்கிறது. அதை மறுபடி ஓட வைக்க ஒரு வழி லினக்ஸ்; விண்டோஸைப் போலவே கணினியை ஓட்டும் இலவச ஓஎஸ் (இயங்குதளம்) அது. ஆரம்பத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைப் பிரிவு, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

கடையில் கொடுத்தால் ‘ஃபுல் வெர்ஷன்’ என்று சொல்லி கிராக் பண்ணிய விண்டோஸைப் போட்டுத் தருவார்கள். ஆக்டிவேட் செய்யும் அந்தச் சின்ன புரோகிராம் ஓட வேண்டுமென்றால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்த பிறகு அது உள்ளே என்னென்ன செய்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பேங்க் வேலை பார்க்கும் மிஷினில் இது வேண்டாம்.

லினக்ஸ் போடுவது ஒரு மணி நேர வேலை. அது நிலைத்து நிற்குமா, பத்து நாளில் மறுபடி விண்டோஸுக்கே ஓடுவோமா என்பதை முடிவு செய்வது லினக்ஸ் இல்லை. வீட்டில் இருக்கும் பிரின்டர், தமிழ் அடிக்கும் பழக்கம், ஊர் கரண்ட், செல்போன் டேட்டா இந்த நாலும்தான். அதனால் இந்தக் குறிப்பில் அவற்றுக்கே இடம் அதிகம்.

யார் மாறக் கூடாது

டேலி பிரைமில் கணக்கு எழுதுபவர்கள் மாற வேண்டாம். அது விண்டோஸுக்கானது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டலாம் என்று சொல்வார்கள், ஆனால் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் அது மக்கர் பண்ணினால் ஆடிட்டரிடம் சொல்ல ஒரு பதிலும் இருக்காது. இ-சேவை, பொதுச் சேவை மையம் நடத்துபவர்களும் வேண்டாம். ஆதார் கைரேகைக் கருவியோடு வரும் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பித்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடைகள் பேஜ்மேக்கரிலும் கோரல் டிராவிலும் சேர்த்து வைத்திருக்கும் பழைய டிசைன்களை விட்டுவிட்டு வர முடியாது. அவற்றுக்கு மாற்றாக லினக்ஸில் கிடைக்கும் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் நல்ல மென்பொருள்கள்தான். புதிதாகத் தொடங்குபவருக்குத் தாராளமாகப் போதும். பத்து வருஷத்து ஃபைல்களைக் கலையாமல் திறக்க அவற்றை நம்ப முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு லினக்ஸ் வசதியானது. பைதான் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, பிளஸ் ஒன்னுக்கு வேண்டிய சி பிளஸ் பிளஸ் கம்பைலரை ஐந்து நிமிஷத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்கு பிளஸ் டூ பாடத்தில் பேஜ்மேக்கர் இருக்கிறது. அந்த வருஷம் முடியும் வரை விண்டோஸையும் ஒரு பக்கம் வைத்திருப்பதே நல்லது.

மற்றபடி பட்டா சிட்டா எடுப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், வருமான வரித் தாக்கல், பிஎம் கிசான், பேங்க், யூடியூப், வாட்ஸ்அப் வெப் எல்லாம் பிரவுசரில் நடக்கும் வேலைகள். ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ இருந்தால் கீழே எந்த ஓஎஸ் ஓடுகிறது என்று அந்தத் தளங்கள் பார்ப்பதில்லை.

எந்த லினக்ஸ்

லினக்ஸில் பல வகைகள் உண்டு, எது நல்லது என்று நாள்கணக்காக விவாதிப்பவர்களும் உண்டு. வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் போதும். இப்போதுள்ள 22 வரிசை உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும். ராம் 4 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் சின்னமன் பதிப்பு. 2 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபியில் ஓஎஸ் நன்றாகவே ஓடும், பிரவுசர்தான் திணறும். நாலைந்து டேப் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்துவிடும். இது லினக்ஸின் குறை இல்லை, இன்றைய வெப்சைட்களின் கனம் அப்படி.

செலவு செய்ய மனம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்), பிறகு ராம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் உட்காரும். ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம். ராம் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. டிடிஆர்3 வகை ராமுக்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்லுக்கு 1.35 வோல்ட். எல் வகையைப் பழைய 1.5 வோல்ட் இடத்தில் போடலாம். எல் மட்டுமே ஏற்கும் மிஷினில் சாதா டிடிஆர்3 போட்டால் திரையே வராது. கழற்றிய ராமைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குவது உத்தமம்.

டவுன்லோட்: 1.5 ஜிபிக்குள் 3 ஜிபி

மின்டை நிறுவ வேண்டிய எல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. நம் ஊர்களில் பலரும் நம்பியிருப்பது நாளைக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி தரும் செல்போன் பேக். பிரவுசரில் நேராக டவுன்லோட் போட்டால் பாதியில் டேட்டா தீரும். மறுநாள் தொடரச் சொன்னால் சில சமயம் தொடரும், சில சமயம் முதலிலிருந்து தொடங்கும். டோரன்ட் ஃபைலை எடுத்து, துண்டு துண்டாக இறக்கும் டோரன்ட் மென்பொருளில் போடுவதே சரியான வழி. இன்று பாதி, நாளை பாதி என்று எத்தனை முறை நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து போகும். இன்னொரு லாபமும் இருக்கிறது: ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தே சேர்ப்பதால் ஃபைல் கெட்டுப்போய் வர வாய்ப்பு மிகக் குறைவு. இன்ஸ்டால் பாதியில் நின்று ‘ஃபைலைப் படிக்க முடியவில்லை’ என்று வந்தால் காரணம் பெரும்பாலும் கெட்டுப்போன ஐஎஸ்ஓ, இல்லையென்றால் மட்டமான பென்டிரைவ்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும், உள்ளே இருப்பது எல்லாம் அழியும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் எழுதலாம். ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி பண்ணிப் போட்டால் அதிலிருந்து மிஷின் பூட் ஆகாது, அதாவது தொடங்காது. நாலைந்து வகை லினக்ஸை ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் வென்டாயைப் போடுங்கள். அதில் மட்டும் ஐஎஸ்ஓக்களைச் சாதாரணமாகக் காப்பி செய்தாலே போதும்.

நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பது

பென்டிரைவைச் செருகி மிஷினை ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டி, வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லெனோவோ, டெல்லில் எஃப்12. ஹெச்பியில் முதலில் எஸ்கேப், பிறகு எஃப்9. அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அடித்து பயோஸுக்குள் (மிஷினின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போய் ‘எஃப்12 பூட் மெனு’ என்பதை எனேபிள் செய்தால்தான் வேலை செய்யும். லெனோவோ சில மாடல்களில் ஊசி போகும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும், நோவோ பட்டன் என்று பெயர். மிஷின் அணைந்திருக்கும்போது அதைக் குத்தினால் பூட் மெனு வரும்.

மின்ட் திரையைக் காட்டாமல் கறுப்பாக நின்றால், முதல் மெனுவில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிராபிக்ஸ் டிரைவர் தகராறுதான் பெரும்பாலும் காரணம்.

உள்ளே போனதும் ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே முழு லினக்ஸும் ஓடும். அவசரப்பட்டு ‘இன்ஸ்டால்’ ஐகானை அழுத்தாதீர்கள். வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட், ஸ்க்ரீன் வெளிச்சம், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பது வரை பாருங்கள். பிரின்டரை மாட்டுங்கள். இந்தச் சோதனையில் ஓடாதது நிறுவிய பின்னும் தானாக ஓடிவிடாது. முக்கியமான விதிவிலக்கு வைஃபை. பிராட்காம் சிப், சில ரியல்டெக் சிப் இருந்தால் ஆரம்பத்தில் நெட்வொர்க் பட்டியலே காலியாக இருக்கும். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். நிறுவி முடித்த பிறகு அதே வழியில் நெட் கொடுத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வேண்டிய டிரைவரை அதுவே கேட்டுப் போட்டுவிடும்.

பென்டிரைவிலிருந்து ஓடும் அதே லைவ் திரையில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ விவரத்தைப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ பூஜ்யமாக இருக்க வேண்டும். அதில் எண் ஏறியிருந்தால் டிஸ்க் போகிற நிலையில் இருக்கிறது. முதலில் போட்டோக்களைக் காப்பி செய்துவிட்டு எஸ்எஸ்டி வாங்கப் போங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ராமின் தங்க நிற முனைகள் மங்கிப்போய் மிஷின் காரணமில்லாமல் உறைவதும் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, பென்சில் ரப்பரால் அந்த முனைகளை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் போட்டால் பாதிக் கேஸ் சரியாகிவிடும்.

வரப்பு போடுவது

விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் வேண்டும் என்றால் டிஸ்கைப் பிரிக்க வேண்டும். ஒரே வயலில் வரப்பு போட்டு இரண்டு பேருக்குப் பிரிக்கிற வேலைதான்; அளவு தப்பினால் வரப்பு அடுத்தவன் பயிர் மேல் போகும். ஆகவே முதல் வேலை பேக்கப். போட்டோ, டாக்குமென்ட் மட்டும் போதாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பழைய தமிழ் எழுத்துருக்கள் இரண்டையும் பலர் மறந்துவிடுவார்கள்.

புதிய லேப்டாப் என்றால், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பயோஸில் கை வைக்க வேண்டும். அங்கே செக்யூர் பூட்டை (கையொப்பம் சரியான ஓஎஸ்ஸை மட்டும் தொடங்க விடும் வசதி) மாற்றியதுமே விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கும். இல்லை என்றால் உள்ளே இருப்பது போனதுதான்.

விண்டோஸ் பார்ட்டிஷனை (டிஸ்கில் விண்டோஸின் பங்கு) சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். சி டிரைவில் ரைட் கிளிக், ‘ஷ்ரிங்க் வால்யூம்’. லினக்ஸுக்குக் குறைந்தது 20 ஜிபி என்கிறார்கள். நடைமுறையில் 50 ஜிபிக்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரு வருஷத்தில் மூச்சு முட்டும், 100 இருந்தால் நிம்மதி. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பை அணையுங்கள். அது ஆன் ஆக இருந்தால் ஷட்டவுன் என்று நாம் நினைப்பது உண்மையில் பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது.

பழைய லேப்டாப்களில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்கில் நாலு பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்க முடியும். சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, ரிக்கவரி என்று நாலும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். சுருக்கி எடுத்த காலி இடத்தை இன்ஸ்டாலர் ‘அன்யூஸபிள்’ என்று காட்டும், எத்தனை முறை முயன்றாலும் அதில் நிறுவ முடியாது. டி டிரைவில் இருப்பதை வெளியே காப்பி செய்து, டியை அழித்து, அந்த இடத்தை உள்ளே மேலும் பிரிக்கக்கூடிய எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக்கி அதற்குள் லினக்ஸைப் போடுவதுதான் தீர்வு.

விண்டோஸே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பேக்கப் எடுத்த பிறகு ‘இரேஸ் டிஸ்க்’ கொடுத்தால் முடிந்தது. பீரோ மேல் கிடந்த லேப்டாப்புக்கு இதையே சொல்வேன்.

நிறுவும்போது

நாளைப் பார்த்துத் தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாள் பேப்பரில் வரும், வழக்கமாகக் காலை 9 முதல் மாலை வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அறிவிப்பே இல்லாமலும் போகும். லேப்டாப் என்றால் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குமா என்று முன்கூட்டிப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். டெஸ்க்டாப் என்றால் வீட்டு இன்வெர்ட்டரில் ‘யூபிஎஸ் மோட்’ என்ற சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதா மோடில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடிக்குள் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். பம்ப்செட்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இதே தொல்லை கரண்ட் போகாமலே வரும். பார்ட்டிஷன் அளவு மாறிக்கொண்டிருக்கும்போது மிஷின் அணைந்தால் டேட்டா போகலாம். மற்ற கட்டங்களில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து நிறுவினால் போதும்.

மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுக்க ஆசையாக இருக்கும். முதல் தடவை ஆங்கிலத்திலேயே விடுங்கள். மெனுக்களில் மொழிபெயர்ப்பு பாதி இருக்கும், பாதி இருக்காது; தவறு வந்தால் இணையத்தில் தேடுவதும் கஷ்டம். தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இன்னும் மோசம். பாஸ்வேர்டு தமிழ் எழுத்தில் பதிவாகி, மறுநாள் உள்ளே நுழைய முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். விசைப்பலகையில் ‘இங்கிலீஷ் இந்தியா, ரூபாய் குறியோடு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் வழக்கம்போல் இருக்கும், வலப்பக்க ஆல்ட்டோடு 4ஐ அழுத்தினால் ₹ வரும்.

பாட்டு, வீடியோ ஓடுவதற்கான ‘மல்டிமீடியா கோடெக்ஸ்’ பெட்டியில் டிக் போடுங்கள். அது செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு கேட்டால், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ என்று ஒரு கேள்வி வரும், அங்கே அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தெரியாமல் ‘கன்டினியூ பூட்’ கொடுத்துவிட்டால் வைஃபை, என்விடியா டிரைவர்கள் ஏறாமல் நிற்கும். விண்டோஸ் இல்லாத மிஷினில் செக்யூர் பூட்டை முன்பே அணைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

விண்டோஸோடு சேர்த்து நிறுவுபவர்கள் ‘சம்திங் எல்ஸ்’ திரையில் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யும் பெட்டியில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 100 அல்லது 260 எம்பி அளவில் இருக்கும் அந்தத் துண்டில்தான் விண்டோஸின் பூட் ஃபைல்கள் இருக்கின்றன. டிஸ்கே பட்டியலில் வரவில்லை என்றால் பயோஸில் சாட்டா மோட் ‘இன்டெல் ஆர்எஸ்டி’ அல்லது ‘ரெய்டு’ என்று இருக்கும், அதை ‘ஏஹெச்சிஐ’க்கு மாற்ற வேண்டும். விண்டோஸை சேஃப் மோடில் ஒருமுறை பூட் ஆகும்படி முன்பே அமைத்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

தமிழ்

மின்டின் கீபோர்டு செட்டிங்ஸிலேயே தமிழ்நெட்99 என்று ஒன்று தெரியும். அதை எடுக்காதீர்கள். ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே நடக்கும் அமைப்பு அது. மெய்க்குப் பின் வரும் உயிரைத் தானாகச் சேர்க்கும் தமிழ்99 விசைப்பலகையின் சூட்சுமம் அதற்கு வராது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ என்று தேடி நிறுவுங்கள் (தேடும்போது ibus-m17n என்று ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). பிறகு ‘இன்புட் மெத்தட்’ செயலியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் ஆகி மறுபடி உள்ளே வாருங்கள். லாக் அவுட் ஆகாமல் ‘வேலை செய்யலையே’ என்று சலித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். ஐபஸ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஃபோனடிக், ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று வரிசையாக வரும்.

விண்டோஸில் அழகியிலோ என்ஹெச்எம் ரைட்டரிலோ ‘அம்மா’ என்பதை ஆங்கில ஒலியில் அடித்துப் பழகியவர்கள் ஃபோனடிக் எடுக்கலாம். சில எழுத்துகளுக்கு விசை மாறும், ழ, ண, ற மூன்றையும் முதலில் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களுக்கு டைப்ரைட்டர் அமைப்பு கைக்கு வரும். புதிதாகப் பழகுபவருக்குத் தமிழ்99ஐத்தான் சொல்வேன். ‘பக்கம்’ என்று அடிக்க க விசையை இரண்டு முறை தட்டினால் முதல் க தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும். ‘தங்கம்’ என்பதில் ங-வும் க-வும் அடுத்தடுத்து வந்தாலே ங் ஆகிவிடும். தட்டும் விசைகளின் எண்ணிக்கை ஃபோனடிக்கைவிடக் கண்கூடாகக் குறைகிறது.

பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய ஃபைல்கள் யூனிகோடு (எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுவான எழுத்துமுறை) இல்லை. எழுத்துருவைக் காப்பி செய்து வந்து, இரண்டு முறை கிளிக் செய்து நிறுவினால் எம்எஸ் ஆஃபிஸ் போன்ற லிப்ரே ஆஃபிஸில் படிக்கலாம், அச்செடுக்கலாம். ஆனால் அதில் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். நேரம் கிடைக்கும்போது யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றி வைப்பது நல்லது.

லதா, நிர்மலா இரண்டும் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்கள், லினக்ஸில் வராது. அவற்றில் அடித்த மனுவைத் திறந்தால் வேறு எழுத்துருவில் காட்டும், வரிகள் நகர்ந்து ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கமாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை இரண்டும் இலவசம், தாராளமாகப் பயன்படுத்தலாம். அரசு அலுவலகங்களுக்குப் போகும் கடிதங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்ட மருதம் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும் எதையும் பிடிஎஃப் ஆக்கியே கொண்டுபோங்கள், எழுத்து நகராது.

பிரின்டர்

எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரின்டர்கள் பெரும்பாலும் மாட்டியதும் ஓடும். ஸ்கேனரும் ‘டாக்குமென்ட் ஸ்கேனர்’ செயலியில் வந்துவிடும். ஆனால் கழிவு மையை உறிஞ்சும் இங்க் பேட் நிரம்பிவிட்டது என்று நின்றால், அதை ரீசெட் செய்யும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். மெக்கானிக் அவர் லேப்டாப்பைக் கொண்டு வரட்டும்.

ஹெச்பி லேசர்ஜெட் 1020, பி1007, பி1008 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பிரின்டர் பட்டியலில் வரும், பிரின்ட் கொடுத்தால் ‘முடிந்தது’ என்றும் சொல்லும், தாள் மட்டும் வராது. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் (பிரின்டருக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினால்தான் ஓடும் வகை இவை. ஹெச்பி பிரின்டர்களுக்கான ஹெச்பிலிப் செட்டப்பைத் திறந்து, நெட் இணைப்போடு ‘பிளகின்’ நிறுவினால் அதுவே ஏற்றிக்கொள்ளும்.

கேனன் எல்பிபி 2900தான் வில்லன். நம் ஊரில் பாதி வீட்டு அலுவலகங்களில் இருப்பதும் இதுதான். கேப்ட் என்ற தனி முறையில் மட்டுமே பேசும் பிரின்டர். லினக்ஸுக்கான டிரைவர் மிகப் பழையது, ஒரு வழியாக ஓட வைத்தாலும் பெரிய அப்டேட் வந்தால் மறுபடி படுத்துக்கொள்ளும். தினமும் பிரின்ட் எடுக்கும் வேலை இருந்து, பிரின்டர் இதுவாக இருந்தால், பிரின்டரை மாற்றும் வரை ஓஎஸ்ஸை மாற்றாதீர்கள். புதிதாக வாங்கும்போது ஏர்பிரின்ட் வசதி உள்ள வைஃபை பிரின்டராகப் பாருங்கள், டிரைவரே தேவைப்படாது.

பிறகு வரும் சில்லறைத் தொல்லைகள்

அப்டேட் மேனேஜர் முதல் நாளே சில நூறு எம்பி கேட்கும். தானாக இறங்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு, டேட்டா மிச்சமிருக்கும் இரவில் வாரம் ஒருமுறை போடுங்கள். சாஃப்ட்வேர் சோர்சஸில் வேகமாக வரும் மிரரை (அதே ஃபைல்களின் நகல் இருக்கும் சர்வர்) தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் மிச்சம். சிஸ்டத்தை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்டை ஆன் செய்து இரண்டு வாராந்திர நகல்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவில்லாமல் விட்டால் அதுவே 50 ஜிபியையும் தின்றுவிடும். அது காப்பது சிஸ்டத்தை மட்டும்தான், உங்கள் போட்டோக்களை இல்லை.

திடீரென்று கரண்ட் போய் அணைந்தால் லினக்ஸ் பெரும்பாலும் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். அரிதாகக் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நிற்கும். பயப்பட வேண்டாம். எந்தப் பார்ட்டிஷனைச் சோதிக்க வேண்டும் என்று அந்தத் திரையே பெயரோடு சொல்லியிருக்கும். ‘எஃப்எஸ்சிகே’ (fsck) கட்டளையோடு அந்தப் பெயரை அடித்து, கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒய் கொடுத்து, முடிந்ததும் ரீபூட் செய்யுங்கள். மாதம் இரண்டு முறை இப்படி நின்றால் டிஸ்கையும் இன்வெர்ட்டரையும் சந்தேகப்படுங்கள்.

பேங்க் சைட் உட்பட எல்லாத் தளங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த லேப்டாப்பில் பயோஸ் பேட்டரி செத்து, தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 பட்டன் செல்தான். லேப்டாப்பில் வயரோடு வரும், டெஸ்க்டாப்பில் நேரே செருகலாம்.

கடைக்குப் போய் வந்த பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அதை லினக்ஸில் செருகுங்கள். வைரஸ் மறைத்து வைத்த ஃபைல்கள் இங்கே அப்படியே தெரியும், சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். அவற்றை வெளியே எடுத்துவிட்டு ஷார்ட்கட்டுகளையும் அடையாளம் தெரியாத ஸ்கிரிப்ட் ஃபைல்களையும் அழியுங்கள். அந்த வைரஸ் லினக்ஸில் ஓடாது. அழிக்காமல் அடுத்தவர் விண்டோஸ் மிஷினில் செருகினால் அங்கே ஓடும்.

இரண்டு ஓஎஸ்ஸும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். மிஷினின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ (timedatectl set-local-rtc 1) என்ற வரியை ஆங்கில எழுத்தில் ஒருமுறை அடித்தால் லினக்ஸும் இந்திய நேரத்தையே எழுதத் தொடங்கும். அதன் பிறகு விண்டோஸுக்குள் போய் நேரத்தை ஒருமுறை ‘சிங்க்’ செய்துவிடுங்கள்.